"நானில்லை"யில் "இல்லை" எங்கே போச்சு? ஒலிநூல் கேட்கிறவர்கள் சொல்லும் இடங்கள்

அரைமாத்திரை

இப்போது ஓடிக்கொண்டிருப்பது ஒரு பழைய துப்பறியும் நாவல். ஆப் கிடையாது, எம்பி3 கோப்புகளாகவே விற்ற பதிப்பு. ஒன்பதே முக்கால் மணி நேரம், ஒரே ஆண் குரல். குரலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ழகரம் சுத்தம், வேகம் நிதானம், வில்லன் வந்தால் தொண்டையைக் கரகரக்க வைக்கிற வேலையெல்லாம் இல்லை. எட்டாம் அத்தியாயம் 14ஆவது நிமிஷம்தான் உறுத்துகிறது. "விளக்கை அணைத்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, வெளியே வந்து நின்று பார்த்தான்." காதில் விழுவது "அணைத்துவிட்ட், சாத்திவிட்ட், வந்த், நின்ற்". வரிசையாக வால் நறுக்கிய சொற்கள்.

காரணம் நாய்ஸ் கேட். ஒரு அளவுக்குக் கீழே இறங்குகிற ஒலியை மொத்தமாக ஊமையாக்கிவிடுகிற கருவி. வீட்டு அறையில் ஃபேனை நிறுத்தினாலும் தெருச் சத்தம் -45 டெசிபல் பக்கம் கிடக்கும் (பதிவில் 0தான் உச்சம், மற்றதெல்லாம் அதற்குக் கீழே). ஆடிபிள் என்ற ஒலிநூல் கடைக்குப் பதிவு ஏற்றும் ஏசிஎக்ஸ் தளம் கேட்பது -60க்குக் கீழே. சராசரி ஒலி -23க்கும் -18க்கும் நடுவே, உச்சம் -3ஐத் தாண்டக்கூடாது என்பதும் அதே பட்டியலில் வரும். அந்த -60ஐ எட்ட வேண்டும் என்று கேட்டை -40இல் வைத்துவிடுகிறார்கள். பிரச்சினை என்னவென்றால் தமிழில் சொல் கடைசியில் வரும் டு, து, று எல்லாம் குற்றியலுகரம். இலக்கணமே அதற்கு அரை மாத்திரைதான் கொடுத்திருக்கிறது. வல்லின மெய் வெடித்து முடிந்ததும் சன்னமாக ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த உகரத்தைக் கேட் இரைச்சல் என்று நினைத்துத் தூக்கிவிடுகிறது.

கேட்டுக்குப் பதில் எக்ஸ்பாண்டர் போட்டாலே போதும். 2:1 விகிதம், வரம்பு அறை இரைச்சலுக்குச் சற்று மேலே, விடுவிக்கும் நேரம் 150 முதல் 200 மில்லி விநாடி. ஊமையாகாது, கொஞ்சம் தணியும், அவ்வளவுதான்.

நீங்கள் இப்போது என்ன கேட்கிறீர்கள், வாசிப்பவர் எந்த இடத்தில் கையை விட்டார் அல்லது தூக்கி நிறுத்தினார், அத்தியாயம் நிமிஷத்தோடு போடுங்கள். "சூப்பர் வாய்ஸ்" வகையறா வேண்டாம்.

வடமராட்சி

யாழ்ப்பாணத்துச் சிறுகதைத் தொகுப்பு ஒண்டு, இந்தியாவில வாசிச்சுப் பதிஞ்சது. இரண்டாவது கதை, முதல் பந்தியிலயே "ரீச்சர்" வாறா. வாசிக்கிறவர் ரகரத்தை நல்லா உருட்டி, ரயில் ரகரம் மாதிரி வாசிக்கிறார். அடுத்த வரியில "மாஸ்ரர்". அதையும் எழுத்துக் கூட்டி அப்பிடியே. கதை முழுக்க அந்தப் பள்ளிக்கூடத்தில ஆர் படிப்பிக்கினம் எண்டே விளங்கேல்லை.

எங்கட எழுத்து வழக்கில ஆங்கிலச் சொல் 'டீ' எழுத்தில தொடங்கினால் ரகரம் போட்டு எழுதுறது. ரீச்சர், ரயர், ரின், ரி.வி. வாயில வாறது டீச்சர், டயர், டின், டி.வி.தான். ஆனால் டகரத்துக்கு மடிக்கிற மாதிரி நாக்கை மடிக்கிறேல்லை, நுனி பல்லுக்குப் பின்னால இருக்கிற மேட்டில பட்டுப் போகும். உண்மையான ரகர ஒலிக்குப் பொதுவா றகரம் போடுவினம்: றோட்டு, றேடியோ. இந்த ஒரு விதி தெரிஞ்சிருந்தாலே பாதிப் பிழை வந்திராது.

அதைவிடப் பெரிய சேதம் "உவன்". வாசிக்கிறவர் அச்சுப்பிழை எண்டு நினைச்சாரோ என்னவோ, வந்த இடமெல்லாம் "இவன்" எண்டு திருத்திப் போட்டார். தாய் அடுப்படியில நிண்டுகொண்டு விறாந்தையில இருக்கிற தகப்பனுக்குச் சொல்லுறா: "உவனைக் கேளுங்கோ." உவன் எண்டால் கேக்கிறவருக்குக் கிட்ட நிக்கிறவன். பெடியன் தகப்பனுக்குப் பக்கத்தில நிக்கிறான் எண்டது அந்த ஒரு எழுத்தில இருக்கு. "இவனை" எண்டவுடன பெடியன் அடுப்படிக்குள்ள வந்திட்டான். பேந்து தகப்பன் அவன்ர காதைப் பிடிச்சு முறுக்கிறார், எப்பிடிக் கை எட்டினது?

பதிய முதல் புத்தகத்தை ஒருக்கா முழுக்க வாசிச்சு, தெரியாத சொல்லுகளை ஒரு தாளில எழுதி, அந்த ஊர் ஆள் ஒருத்தரைச் சொல்லச் சொல்லி ஃபோனில பதிஞ்சு வைச்சால் சரி. 200 பக்கப் புத்தகத்துக்கு ஐம்பது அறுபது சொல்லுத்தான் தேறும்.

ஒலிப்பெட்டி

அரைமாத்திரை, எல்லாப் பழியையும் கேட் தலைல கட்டாதீங்க. பாதி இடத்துல வாசிக்கிறவர் மூச்சே தீர்ந்து போயிருக்கும்.

தமிழ்ல வினை கடைசில வரும். எதிர்மறை அதுக்கும் கடைசில வரும். வாசிக்கிறவரோட காத்து காலியாகறதும் அதே கடைசிலதான். ஒரு நீதிமன்றக் கதை இப்ப கேட்டதுல க்ளைமாக்ஸ் வரி இது: "அந்தக் கத்தியை அன்னிக்கு ராத்திரி அங்கேர்ந்து எடுத்தது நானில்லை." "நா" வரைக்கும் கம்பீரம். "னில்லை" தரையோட தரையா. பஸ் இரைச்சல்ல கேட்டா ஆள் குத்தத்தை ஒத்துக்கிட்டான்னுதான் விழும். அப்புறம் அரை மணி நேரம் வக்கீல் எதுக்கு வாதாடறார்னே புரியாது.

வாக்கியத் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் 10, 12 டெசிபல் இறங்கினா இதுதான் கதி. செய்தி வாசிச்சுப் பழகினவங்களுக்கு இந்தப் பழக்கம் கம்மி. மேடைப் பேச்சுலேர்ந்து வர்றவங்களுக்கு ஜாஸ்தி, ஏன்னா மேடைல கடைசிச் சொல்லைக் கைத்தட்டல் மூடிடும், யாரும் கவனிக்கறதில்ல.

வழி ரெண்டு. ஒண்ணு, வாசிக்கறதுக்கு முன்னாடி பென்சிலால மூச்சுக்கோடு போடறது. "எழுந்து", "கேட்டுவிட்டு", "போனபோது"ன்னு எச்சம் வர்ற இடத்துல ஒரு சாய்கோடு. முப்பது சொல் வாக்கியம்னா ரெண்டு கோடு. கடைசிக் கோட்டுக்கு அப்புறம் ஏழெட்டுச் சொல்லுக்கு மேல மிச்சம் வைக்கக்கூடாது. இல்லேன்னா வினை வரும்போது நுரையீரல்ல ஒண்ணும் இருக்காது. ரெண்டு, கம்ப்ரசர், அதாவது உரத்த இடத்தை அமுக்கி ஏத்த இறக்கத்தைக் குறைக்கற கருவி. 3:1, தாக்கும் நேரம் 10 மில்லி விநாடி, விடறதுக்கு 120. ஆனா வரிசை முக்கியம்: 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ வெட்டு, அப்புறம் எக்ஸ்பாண்டர், அப்புறம் கம்ப்ரசர், கடைசில உச்சம் -3ஐத் தாண்டாம நிறுத்தற லிமிட்டர். கம்ப்ரசரை முன்னாடி போட்டு ஒலியைத் தூக்கிட்டா ஃபேன் சத்தமும் கூடவே எழுந்து வரும். அதை அமுக்கறேன்னு அப்புறம் கேட் போடுவாங்க, அப்ப உங்க அரை மாத்திரையும் போகும்.

இன்னொண்ணு. மூச்சுச் சத்தத்தை ஒண்ணு விடாம வெட்டி எடுத்துட்டு, வெட்டின இடத்துல சுத்த சூனியத்தை வைக்கறாங்க. ஹெட்ஃபோன்ல கேட்டா ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இடையில ஒயர் கழண்ட மாதிரி இருக்கும். பதிவு ஆரம்பத்துல 30 விநாடி அறையை சும்மா பதிஞ்சு வெச்சுக்கிட்டு அந்த மௌனத்தை ஒட்டணும். மூச்சை வெட்டவே வேணாம், 8 டெசிபல் தணிச்சா போதும்.

சீர்பிரிப்பான்

பொன்னியின் செல்வனுக்குப் பல பதிப்புகள் ஓடுகின்றன. பாம்பே கண்ணன் குழுவினரின் நாடக பாணிப் பதிப்பு ஒரு பக்கம், ஒற்றைக் குரல் பதிப்புகள் மறுபக்கம். எதை எடுத்தாலும் ஒரு சிக்கலைத் தாண்டியாக வேண்டும்: ஆழ்வார்க்கடியான் வாயைத் திறந்தால் பாசுரம். ஒற்றைக் குரல் பதிப்பொன்றில் வாசிப்பவர் அந்த இடம் வந்ததும் சுருதிப்பெட்டியைப் போட்டு, எதிரொலியும் சேர்த்துப் பாடிவிடுகிறார். உரைநடையைவிட எட்டு டெசிபல் கூடுதல். வீர நாராயண ஏரிக்கரையில் நின்றுகொண்டிருந்த கேட்பவர் திடீரென்று சபா முதல் வரிசையில் போய் உட்கார்கிறார்.

பாட வேண்டாம், சொல்லலாம். சொல்வதிலும் ஒரு நுட்பம் உண்டு. அடி முடிகிற இடத்தில் பொருள் முடியும் என்று உத்தரவாதம் கிடையாது. முதல் குறளையே எடுத்துக்கொள்ளுங்கள். நாலாவது சீர் "ஆதி", அத்துடன் முதலடி முடிகிறது. ஐந்தாவது சீர் "பகவன்", இரண்டாமடியின் தொடக்கம். அடியைப் பார்த்து நிறுத்துகிறவர் ஆதியையும் பகவனையும் பிரித்துவிடுவார். பொருளை மட்டும் பார்த்து ஓட்டுகிறவர் வெண்பாவை உரைநடையாக்கிவிடுவார். செய்ய வேண்டியது, அடி இறுதியில் குரலை இறக்காமல் அரை மூச்சு நீட்டிப் பிடித்து அடுத்த சீரில் வைப்பது. இடைவெளி வேண்டாம், நீட்டம் போதும். பாதிப் பேர் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

இலங்கை வானொலியில் அப்துல் ஹமீது போன்றவர்கள் பாடலை அறிவிக்கும்போது வரியை எங்கே பிடித்து எங்கே விடுவார்கள் என்று கேட்டிருந்தால் இதை விளக்க வேண்டிய தேவையே வராது.

வெண்கலக்கடை

சீர்பிரிப்பான் சார், பாசுரத்தைப் பாடாம பின்ன என்ன சாரே, ரேஷன் கடை அறிவிப்பு மாதிரி படிக்கிறதா? அந்த ஆளு கதையிலயே பாடுறவன்தான். சுருதிப்பெட்டிய எடுங்க, எதிரொலிய எடுங்க, எட்டு டெசிபலையும் எடுங்க. பாட்டை எடுக்காதீங்க. தாலாட்டு வந்தாலும் ஒப்பாரி வந்தாலும் சீர் பிரிச்சு ஒப்பிப்பீங்களோ?

அதோட ஒரே குரல்ல பொண்ணு பேசுறப்ப கீச்சுக்குரல் வெக்கிறாங்களே, அதைப் பத்தி யாரும் வாயே திறக்கலையே. குந்தவை ராஜதந்திரம் பேசுறா, குரல் கேட்டா பல்லாங்குழிக்கு முத்து கேக்குற மாதிரி இருக்கு. சுதி ஏத்தவே வேணாம். வேகத்தக் கொஞ்சம் மாத்துங்க, சொல்லுக்கு நடுவுல இடைவெளிய மாத்துங்க, பொண்ணு தெரிஞ்சுருவா.

சீர்பிரிப்பான்

ஒப்பாரியைப் பாடித்தான் ஆக வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். பாசுரத்தில் என் கட்சி மாறவில்லை.

பின்சீட்டு

நாடக பாணிப் பதிப்பு எடுக்குறவங்களுக்கு ஒரு விஷயம். ஒரு சரித்திரக் கதை, அரசன் இடது பக்கம், மந்திரி வலது பக்கம்னு ஸ்டீரியோல பிரிச்சு வெச்சிருக்காங்க. ஒத்தக் காதுல மாட்டிக் கேட்டா அரசன் தனியா உக்காந்து புலம்புறான். "அப்படியா?" சத்தமே இல்ல. "யார் சொன்னது?" சத்தமே இல்ல. "அவனைச் சிறையில் தள்ளுங்கள்!" பதினஞ்சு நிமிஷம் பைத்தியக்கார அரசன் கதைன்னே நினைக்கலாம்.

ஆண்ட்ராய்டுல செட்டிங்ஸ், அக்சஸிபிலிட்டி, அதுல மோனோ ஆடியோன்னு ஒரு பட்டன். ஐஃபோன்ல அக்சஸிபிலிட்டிக்குள்ள ஆடியோ பகுதில இருக்கும். போட்டுட்டா ரெண்டு பக்கமும் ஒரே காதுல வந்துரும். அப்பா மாதிரி ஃபோன் ஸ்பீக்கர்லயே கேக்குறவங்களுக்கு இந்தத் தொல்லை வராது.

ஒன்னுபத்துபதினொன்னு

கோப்பு பேரு "அத்1, அத்2 ... அத்23". எழுத்து வரிசைல அடுக்குற ப்ளேயர்ல இது 1, 10, 11, 12ன்னு போய் 19 முடிஞ்சதும் 2 வரும். மர்ம நாவல். ரெண்டாவதா வந்த அத்தியாயத்தோட முதல் வரியே "இன்ஸ்பெக்டர், கொலையை ஒப்புக்கொள்கிறேன்". 01, 02ன்னு பேர் மாத்துங்க, இல்லேன்னா டேக்ல ட்ராக் எண் போடுங்க. விக்கிறவங்களே செஞ்சிருக்கணும், அது வேற கதை.

விரல்நுனி

இயந்திரக் குரலைப் பற்றி இன்னும் யாரும் திட்டவில்லை, அதற்குள் முந்திக்கொள்கிறேன்.

பார்வையற்றவர்களுக்கு ஒலிநூல் என்பது பொழுதுபோக்குக்கு முன்னால் பாடப்புத்தகம். 2016இல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா இணைய நூலகமும் டெய்சி வடிவமும் அதற்காக வந்தவை. டெய்சியில் தலைப்பு, பக்கம், வாக்கியம் என்று தாவலாம். சாதாரண எம்பி3இல் 30 விநாடி முன்னே பின்னே போவதோடு சரி. அச்சு நூலை இப்படி மாற்றிக்கொள்ள 2012இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டம் இடம் கொடுக்கிறது. அதே நோக்கத்துக்கான மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் முதலாவதாக ஏற்றுக்கொண்ட நாடும் இந்தியாதான்.

இவ்வளவு இருந்தும் ஒரு நூலின் 40ஆம் பக்கத்தில் திரைவாசிப்பான் இப்படிப் படிக்கிறது: "ஜே, கே, பி, ஓ, செமிகோலன்." திரையில் கண்ணுள்ளவர்களுக்குத் தெரிவது "தமிழ்" என்ற சொல். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு அது. எழுத்துருவுக்கு அடியில் இருப்பது வெறும் ஆங்கில எழுத்துகள், படம் மட்டும் தமிழ். யூனிகோடுக்கு மாற்றாமல் எந்தக் குரலும் இதை வாசிக்காது. மாற்றியபின் ஒரு சோதனையும் தேவை: துணைக்கால் வர வேண்டிய இடத்தில் ரகரம் உட்கார்ந்திருக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல, காதுக்கு "காலம்" என்பது "கரலம்".

அடுத்தது சுருக்கக்குறிகள். "கி.பி. 1014" என்று இருந்தால் "கிப்பி" என்று ஒரு பூச்சியின் பெயர் மாதிரி வரும். இயந்திரத்திடம் கொடுக்கும் முன் "கி.பி."யை "கிறிஸ்துவுக்குப் பின்" என்றும், "பக்."கைப் "பக்கம்" என்றும், "ரூ."வை "ரூபாய்" என்றும் ஒரே மூச்சில் மாற்றிவிடலாம். அச்சில் வரி உடைந்த இடத்துச் சிறுகோடுகளையும் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் ஒரு சொல் இரண்டாகக் கேட்கும்.

கடைசிச் சிக்கலை மாற்றிப்போட்டுத் தீர்க்க முடியாது. "பீமன் கதையைச் சுழற்றினான்." முதல் எழுத்து "கங்கை"யின் ககரமாக ஒலிக்க வேண்டும். "கல்"லின் ககரமாக வந்தது. பீமன் ஏதோ சிறுகதையைச் சுழற்றிக்கொண்டிருக்கிறான். பாவம், தனம், பந்தம், பாகம், பலம் எல்லாம் இந்தக் கூட்டம்தான். ஒரே எழுத்து, இரண்டு ஒலி, இரண்டு பொருள். இதில் மனித வாசிப்பாளர்களும் விழுகிறார்கள் என்பதைச் சேர்த்துச் சொல்கிறேன். தீப்பந்தத்தை உறவுப் பந்தமாக ஒலித்த பதிவு என் பட்டியலில் உண்டு, வாசித்தவர் மனிதர்தான்.

வேகத்தில் மட்டும் இயந்திரம் ஜெயிக்கும். மனிதக் குரலை 2 மடங்கில் ஓட்டினால் ஒற்றெழுத்து உதிரும். "வேலைக் கொடுத்தான்" என்றால் கையில் இருந்த வேல். "வேலை கொடுத்தான்" என்றால் உத்தியோகம். இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு "க்", அதுதான் முதலில் போகும். இயந்திரக் குரல் சொல்லுக்குச் சொல் ஒரே அளவாக இருப்பதால் பழகிய காதுக்கு 3 மடங்கிலும் அந்தக் "க்" நிற்கும்.

மூத்த நேயர்

பின்சீட்டு தம்பி, தங்கள் தந்தையார் ஃபோன் ஸ்பீக்கரில் கேட்பதாகக் குறிப்பிட்டீர்கள். சில விஷயங்களைத் தெரிவிப்பது நல்லது என்று நினைக்கிறேன்.

வயதானால் முதலில் குறைவது உயர்ந்த அதிர்வெண்கள். உயிரெழுத்துகள் தாழ்ந்த அதிர்வெண்ணில் இருப்பதால் குரல் கேட்கும். ச, த, ப போன்ற மெய்கள் மேலே இருப்பதால் சொல் கேட்காது. "சத்தம் வருது, என்ன சொல்றான்னு புரியலை" என்பார்கள். வீட்டில் உள்ளவர்கள் உடனே வால்யூமை ஏற்றுவார்கள். அதனால் பயன் இல்லை, தாழ்ந்த ஒலியும் சேர்ந்து ஏறி மெய்களை இன்னும் மூடும். ஈக்வலைசரில் 100 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை 4 டெசிபல் குறைத்து, 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை 4 டெசிபல் கூட்டுங்கள். "பாஸ் பூஸ்ட்" இருந்தால் முதல் வேலையாக அணைக்கவும். வேகம் 0.9. அதற்குக் கீழே போனால் குரல் குடித்தவர் பேசுவதுபோல இழுபடும்.

ஃபோனை மேஜைமேல் குப்புறப் போடாதீர்கள். பெரும்பாலான ஃபோன்களில் ஸ்பீக்கர் துளை அடிப்பகுதியில் இருக்கும். அதைக் கேட்பவர் பக்கம் திருப்பி வைத்தாலே பாதி வேலை முடிந்தது. எவர்சில்வர் டம்ளருக்குள் வைப்பவர்களும் உண்டு. சத்தம் கூடும், ஆனால் டம்ளர் தன் சொந்தச் சுருதியைச் சேர்த்துவிடும், சொல் தெளியாது.

இயர்ஃபோன் என்றால் உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். அதற்கு மேல் சத்தம் கூடக்கூட நேரம் வேகமாகக் குறையும்.

தூக்க டைமரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். "அத்தியாயம் முடியும் வரை" என்ற தேர்வு வசதியாகத் தோன்றும். பத்திரிகையில் தொடராக வந்த நாவல்களுக்கு அது உதவாது. பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாரம்தோறும் வந்தது. அத்தியாயக் கடைசியில் யாராவது புதரிலிருந்து எட்டிப் பார்ப்பார்கள், அல்லது விளக்கு அணையும். அந்த இடத்தில் டைமர் நின்றால் கேட்பவர் தூங்க மாட்டார், எழுந்து அடுத்ததைப் போடுவார். 20 நிமிடம் என்று வைத்தால் அத்தியாயத்தின் நடுவில், ஏதாவது நதி வர்ணனையில் நிற்கும். தூக்கம் வரும்.

கோப்பின் தரம் பற்றி: ஒற்றைக் குரலுக்கு 64 கேபிபிஎஸ் மோனோ தாராளம், மணிக்கு ஏறக்குறைய 29 எம்பி. 32க்கு இறக்கினால் பாதி இடம் மிச்சமாகும், ஆனால் ச, ஸ, ஷ மூன்றும் ஒன்றாகிவிடும்.

நான் தற்போது கேட்பது ஒரு பயணநூல். வாசிப்பவர் நன்றாக வாசிக்கிறார்.

பின்சீட்டு

சார், அப்பாவுக்குக் காது நல்லாத்தான் கேக்குது. இயர்ஃபோன் மாட்டினா காது புழுங்குதுன்னு ஸ்பீக்கர்ல கேக்குறார், அவ்வளவுதான். ஆனா அந்த டைமர் விஷயம் நியாயம்.

கோவைக்காரி

கொங்கு வட்டாரக் கதைங்க, அஞ்சாவது அத்தியாயம், தோட்டத்துக்காரர் பண்ணையத்தாள்கிட்ட பேசற இடம். எழுத்துல "சொல்லுங்", "இல்லீங்", "ஏனுங்" அப்படின்னே போட்டிருக்காங்க. வாசிக்கிறவரு ஒவ்வொண்ணுக்கும் கடைசில ஒரு "க"வச் சேத்து "சொல்லுங்க, இல்லீங்க, ஏனுங்க"ன்னு முழுசா முடிச்சுப்போடறாரு. அந்த "ங்" மூக்குலயே நிக்கோணும், வாய் வரைக்கும் வரக்கூடாதுங். வந்துட்டா அது மரியாதைத் தமிழ், எந்த ஊர்லயும் பேசறது. எழுதினவரு வெட்டிக் குடுத்ததை வாசிக்கிறவரு ஒட்டித் தர்றாரு. அரைமாத்திரை வால் போச்சுங்கறாரு, இங்க இல்லாத வாலு மொளைக்குது.

சினிமாவுல வர்ற கோயமுத்தூர்ப் பேச்சக் கேட்டுப் பழகிட்டு "ஏனுங்கோ"ன்னு இழுக்கறவங்களுக்கு இவரு எவ்வளவோ தேவலைங்.

வடமராட்சி

கோவைக்காரி அக்கா சொன்னது சரி. திருத்த வேண்டாம், எழுதினதை வாசிச்சால் காணும். "ரீச்சர்" மட்டும் விதிவிலக்கு.

ஒலிப்பெட்டி

அரைமாத்திரை, உங்க எட்டாம் அத்தியாயம் எம்பி3ன்னு சொன்னீங்க இல்ல, அப்ப வாக்குவாதமே வேணாம். ஆடாசிட்டின்னு ஒலி திருத்தற மென்பொருள்ல திறங்க. 14ஆவது நிமிஷத்துக்குப் போய், அரை விநாடி திரை முழுக்க வர்ற அளவுக்குப் பெருசாக்குங்க. "விட்டு"ல ட்ட் வெடிக்கிற இடத்துல ஒரு முள் மாதிரி நிக்கும். அதுக்கு அப்புறம் என்ன இருக்குன்னு பாருங்க. ஸ்கேல் போட்டு இழுத்த மாதிரி நேர்கோடுன்னா கேட் வெட்டியிருக்கு, நீங்க சொன்னதுதான். சின்னதா அலை நெளிஞ்சுக்கிட்டே தேஞ்சு போச்சுன்னா உகரம் அங்கேயேதான் இருக்கு, வாசிச்சவர் குரல் விழுந்திருக்கு. அந்த இடத்தை மட்டும் தேர்ந்தெடுத்து 10 டெசிபல் ஏத்திக் கேளுங்க, வால் முளைக்கும். நேர்கோட்டை எவ்வளவு ஏத்தினாலும் ஒண்ணும் வராது.

அதே அத்தியாயத்துல எதிர்மறை வாக்கியம் ஒண்ணையும் பாருங்க. "இல்லை", "மாட்டேன்", "வேண்டாம்" ஏதாவது. அதுல குற்றியலுகரச் சிக்கல் கிடையாது.

அரைமாத்திரை

பார்த்தாச்சு. 14:22இல் "அணைத்துவிட்டு", முள்ளுக்கு அப்புறம் சுத்தமான நேர்கோடு. "சாத்திவிட்டு"ம் நேர்கோடு. "வந்து", "நின்று" இரண்டிலும் கொஞ்சம் அலை தெரிகிறது, 50 மில்லி விநாடி கழித்து நேராகிவிடுகிறது.

31:05இல் "அப்படி எதுவும் நடக்கவில்லை" என்று ஒரு வரி. "நடக்க" வரை நன்றாக நிற்கிறது, "வில்லை" 13 டெசிபல் கீழே, ஆனால் அலை முழுசாக இருக்கிறது. ஏற்றினால் கேட்கிறது.

ஆக நேர்கோடு மூன்று நான்கு, விழுந்த குரல் ஒன்று. அத்தியாயத்தின் மற்ற பகுதியையும் இன்றைக்கு இதே மாதிரி பார்க்கிறேன். அந்த நீதிமன்றக் கதையின் "நானில்லை"யை நீங்கள் பெரிசாக்கிப் பார்த்தீர்களா, அல்லது காதால் மட்டும் கேட்டதா?

ஒலிப்பெட்டி

அது ஆப்ல கேக்கறது, கோப்பு கைக்கு வராது. காதுதான்.